டொங்காக்காரங்களுக்குப் பதில் சொன்ன கதை

இந்தப் படத்தோட ஒரு ஓரத்த ஒங்க மடியில வச்சிக்கிறீங்களா தம்பி? கண்ணாடி போட்டிருக்கு. மேல் தட்டுல வச்சா கினிகத்தேனை வளைவுல உருண்டு எவன் தலையிலயாவது எறங்கிரும். ஆமா, அப்படித்தான். பேப்பர் சுத்தியிருக்கு, உடுப்புல அழுக்குப் படாது.

ஹட்டனுக்கா போறீங்க? நான் அதுக்கு முந்தியே எறங்கிருவேன். வட்டவளை தாண்டி கல்லுமலைத் தேயிலைத் தோட்டத்துச் சந்தி. கல்யாண வீடு. மச்சான் மக நிரோஷாவுக்கு நாளைக்குக் காலையில தாலி கட்டு. மச்சான்னா சம்சாரத்தோட அண்ணன், வீரமலைன்னு பேரு. சம்சாரம் முந்தாநாளே போயிட்டா. நான் போறதா இல்ல. இன்னைக்குக் காலையில ஏழு மணி வரைக்கும் போறதாவே இல்ல. இப்பவும் கல்யாணம் பாக்கணும்னு போகல. மச்சான்கிட்ட நாலு வார்த்த கேக்கணும், அதுக்குத்தான் போறேன். நாலே வார்த்த. கேட்டுட்டு, சரி கல்யாணமும் நடக்குதேன்னா நின்னு பாத்துட்டு வருவேன்.

இந்த லட்டுப் பெட்டியா? அது பிள்ளைக்கு. அப்பன் மேல கோவம்னா பிள்ளை என்ன செய்யும்.

பேச்ச வச்சுப் பாத்தா நீங்க இந்தியா. திருச்சியா? அப்படிச் சொல்லுங்க, எங்க பாட்டன்மாரும் அந்தப் பக்கந்தானாம். அப்ப ஒங்களுக்கு கிரிக்கெட்தான் தெரியும். கண்டியில அது ரெண்டாம் பந்தி. கண்டின்னா ரக்கர். பேப்பர்ல ரக்பின்னு போடுவான், எங்க வாய்க்கு ரக்கர்தான். முட்ட மாதிரி ஒரு பந்து. பக்கத்துக்குப் பதினஞ்சு பேர். பந்தத் தூக்கிக்கிட்டு முன்னுக்கு ஓடலாம், ஆனா கையால எறியிறதுன்னா பின்னுக்குத்தான் எறியணும். எதிராளி கோட்டுக்கு அங்கிட்டுக் கொண்டுபோய் தரையில வச்சா ட்ரை, அஞ்சு பாயிண்ட். பந்தோட ஓடுறவனக் கட்டிப் புடிச்சு விழுத்தலாம். இவ்வளவு தெரிஞ்சா போதும், மிச்சத்த ரெஃபரி பாத்துக்குவான்.

நான் கண்டி டவுன்ல வண்டி ஸ்பெயர் பார்ட்ஸ் கடையில கவுண்டர்ல நிக்கிறேன். இருபத்திரெண்டு வருசம். இந்த இருபத்திரெண்டு வருசத்துல மேட்ச் இருக்கிற சனிக்கெழம ஒண்ணுல கூட நான் கடையில இருந்ததில்ல. முதலாளிக்கே தெரியும். நித்தவலை மைதானத்துல, மூணாம் படி, தூணுக்குப் பக்கத்துல எனக்கு ஒரு எடம். எழுதி ஒட்டல, ஆனா எல்லாருக்கும் தெரியும். முதுகு சாய தூண் இருக்கு, மழைக்குக் கூரை இருக்கு. எனக்கு இந்தப் பக்கம் ரம்சீன். கடைத்தெருவுல செருப்புக் கடை வச்சிருக்கான். நல்ல மனுசன், ரக்கரப் பத்தி மட்டும் பேச விடக் கூடாது. அவ்வளவு பிழையாப் பேசுவான்.

எங்க ரெண்டு பேருக்கும் தகராறு எதுலன்னா, ஆட்டத்துக்கு முந்தி ஆடுற ஆட்டத்துல. புரியலயா? நியூசிலாந்துக்காரன் ஆடுறத டிவியில பாத்திருப்பீங்களே. கறுப்பு உடுப்புல வரிசையா நின்னு, தொடையில அடிச்சு, நாக்க நீட்டி, கண்ண உருட்டி. ஹாக்கான்னு பேரு. டொங்கா, சமோவா, பிஜி, இந்தத் தீவுக்காரங்க எல்லாருக்கும் சொந்தமா ஒவ்வொண்ணு இருக்கு. உலகக் கிண்ணம் வந்தா ரம்சீன் எங்க வீட்டுக்கு வந்துருவான், எங்க வீட்டு டிவி பெரிசு. அவங்க அந்த ஆட்டம் ஆடுற ரெண்டு நிமிசத்துக்கு நாங்க ரெண்டு மணி நேரம் பேசுவோம்.

ரம்சீன் சொல்றது, எதிர்ப் பக்கம் மரியாதையா நின்னு பாக்கணும்னு. நான் சொல்றது, நின்னு பாத்தா அங்கயே பாதி மேட்ச் போச்சுன்னு. ஒருத்தன் ஒங்க முன்னால வந்து மார்ல அடிச்சிக்கிட்டு ஒன்னத் தின்னுருவேன்கிறான், நீங்க பள்ளிக்கூடத்துக் காலைக் கூட்டத்துல நிக்கிற மாதிரி கையக் கட்டிக்கிட்டு நிப்பீங்களா? இங்கிலாந்துக்காரன் ஒரு தடவ அவங்கள வளைச்ச மாதிரி வந்து நின்னான். அன்னைக்கு யாரு ஜெயிச்சா? இங்கிலாந்து. அதுக்கு அபராதம் போட்டாங்களேம்பான் ரம்சீன். போடட்டும். ஜெயிச்சானா இல்லையா? இன்னொரு உலகக் கிண்ணத்துல டொங்காக்காரன், நியூசிலாந்துக்காரன் ஆடிக்கிட்டு இருக்கும்போதே எதுக்க எதுக்க இவனும் ஆட ஆரம்பிச்சிட்டான். அன்னைக்கு யாரு ஜெயிச்சான்னு கேப்பான் ரம்சீன். அதுல நியூசிலாந்துதான். அது வேற விசயம், அன்னைக்கு டொங்காவுக்கு ஆள் சரியில்ல.

இப்படியே எரிஞ்ச கட்சி எரியாத கட்சியா வருசக் கணக்கா ஓடிச்சு. அந்தப் பேச்சு ஒங்க ஊர்ல இல்லையா? எங்க தோட்டங்கள்ல மாசி மாசம் காமன் கூத்து நடக்கும். சிவன் காமன எரிச்சாரா, காமன் எரிஞ்சானா எரியலையான்னு ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு விடிய விடியப் பாடுவாங்க. விடிஞ்சாலும் முடியாது.

நடுவுல சம்சாரம் பூரணம் பிளேன்டீ கொண்டாந்து வச்சிட்டு வாசல்ல சாஞ்சிக்கிட்டு நிப்பா. அவளுக்கு ரக்கர்ல ஒண்ணும் தெரியாது, பாவம். ஒரு நாள் திடீர்னு, அந்த எட்டாம் நம்பர் எடது காலத் தாங்கி ஓடுறான், கொஞ்ச நேரத்துல வெளிய எடுத்துருவாங்க பாருங்கன்னா. எடுத்துட்டாங்க. குருட்டாம்போக்குல சிலது சரியா வரும். இந்த ஹாக்காவப் பத்தியும் ஒரு நாள் சொன்னா. "அவங்க ஆடி முடிக்கட்டுமே. முடிச்சப்புறம் இவங்க பேசினா கேக்காதா?" ரம்சீன் அதப் புடிச்சிக்கிட்டு அக்கா செல்றதுதான் சரின்னான். அவன் வாயில சொல்றது செல்றதுன்னு வரும், இருக்கு ஈக்குன்னு வரும். இவங்க ரெண்டு பேரும் ஒரு கட்சியாப் போனா நான் என்னத்தப் பேசுறது.

போன வருசம் நித்தவலையில நாலு நாட்டுப் போட்டி வந்துச்சு. இருபது வயசுக்குக் கீழ உள்ள பயலுக வெளையாடுறது. நம்ம நாட்டுப் பயலுகளுக்கு மொத ஆட்டமே டொங்கா கூட. செய்தி வந்த அன்னைக்கே நான் ரம்சீன்கிட்டச் சொல்லிட்டேன், இந்தத் தடவ கண்டி சும்மா நிக்காது, அவங்க ஆடும்போதே படியில இருந்து பதில் போகும்னு. என்ன பதில், கூன்னு கத்திக் கூக்காட்டவா போறீங்கன்னு கேட்டான். பாரு பாருன்னேன். பேச்சு வளந்து பந்தயமாப் போச்சு. டொங்காக்காரன் ஆடும்போது என் பக்கத்துல இருந்து சத்தம் எழும்பல்லன்னா, தூணுக்குப் பக்கத்து எடத்த ரம்சீனுக்கு விட்டுக் குடுத்துர்றேன்னு எல்லார் முன்னாலயும் சொன்னேன். யோசிச்சுப் பாருங்க தம்பி. இருபத்திரெண்டு வருச எடம்.

என் மனசுல இருந்தது தப்பு. ஒங்க ஊர்ல பறைம்பீங்களே, அதேதான். மச்சான் வீரமலை தப்படிக்கிறதுல அந்தப் பக்கத்துலயே பேர் வாங்கினவன். காமன் கூத்துக்கு அவன் செட்டுதான், ஆறு பேர். காமன எரிக்கிற எடம் வரும்போது ஒரு அடி அடிப்பான், நின்னுக்கிட்டு இருக்கிறவன் கால் தானா ஆடும். அத இங்க கொண்டாந்து, நாக்க நீட்டுறவன் மூஞ்சிக்கு நேரா எறக்கினா எப்படி இருக்கும்? எனக்கு எப்படி அந்த அடியெல்லாம் தெரியும்னு பாக்குறீங்களா? எங்க அப்பா கூட அந்தக் காலத்துல கொஞ்சம்... அது வேற கதை, விடுங்க.

மச்சான் உடனே சரின்னுட்டான். ஏன் எதுக்குன்னு கேக்கல. மச்சான் கூப்பிட்டா வர்றோம்னான். மேட்ச் அன்னைக்குக் காலையிலயே மொத பஸ்ஸ எடுத்து, ஆறு பேரும் தப்ப அரிசிச் சாக்குல போட்டுக் கட்டிக்கிட்டு, வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு வந்து நிக்கிறாங்க. நான் கூட்டாளிமார்கிட்ட ஹட்டன்ல இருந்து ஒரு மியூசிக் செட் வருதுன்னு சொல்லி வச்சிருந்தேன். அதுவும் பொய் இல்லையே.

அவங்கள ஒக்கார வச்சது மைதானத்துக்கு அந்தக் கடைசியில. தண்ணித் தாங்கிக்குப் பக்கத்துல, மதில் ஓரமா. அங்க இருந்துதான் சத்தம் நல்லா எறங்கும், அதுக்காகத்தான். ரம்சீன் கேட்டான், ஏன் அவ்வளவு தூரத்துல, நம்ம படியிலயே எடம் ஈக்கேன்னு. அவனுக்கு சத்தத்தப் பத்தி என்ன தெரியும். மச்சானக் காட்டி, இவர் ஒங்களுக்குச் சொந்தமான்னும் கேட்டான். தெரிஞ்சவருன்னு சொன்னேன். தெரிஞ்சவர்தானே?

கண்டியில அன்னைக்குப் பனி. தப்புத் தோலு தொய்ஞ்சு போச்சு. நெருப்புல காச்சினாத்தான் விண்ணுன்னு ஏறும். மைதானத்துல நெருப்பு மூட்ட விடுவானா? வாசல்ல நின்ன காவல்காரன் பாஞ்சு வந்துட்டான். நான் என் எடத்த விட்டு எந்திரிக்க முடியாத நெலம, எந்திரிச்சா எவனாவது ஒக்காந்துருவான். ரம்சீன்தான் எறங்கிப் போனான். காவல்காரன் தோள்ல கையப் போட்டு என்னமோ பேசினான். வடக் கடைக்காரன்கிட்ட பழைய பேப்பர் கட்டு வாங்கி, அவன் அடுப்புப் பக்கத்துலயே மூட்ட வச்சு, மச்சானோட குந்திக்கிட்டு அவனும் ஒரு தப்பக் காச்சினான். பந்தயத்துல என்னத் தோக்கடிக்க வேண்டியவன் அத எதுக்குச் செஞ்சான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல. அவன் அப்படித்தான், எதையும் யோசிச்சுச் செய்ய மாட்டான்.

மச்சான்கிட்ட நான் தெளிவாச் சொல்லியிருந்தேன். என் கையில செவப்புத் துவாய் இருக்கும். அவங்க தலைவன் மொத சத்தம் குடுத்த உடனே துவாய ஆட்டுவேன். ஆட்டின உடனே அடிச்சு நொறுக்கு, அவங்க சத்தம் வெளிய வரக் கூடாது. ம்னு தலைய ஆட்டினான். ஆட்டினானா இல்லையா? ஆட்டினான்.

எறங்கினாங்க தம்பி டொங்காக்காரப் பயலுக. இருபது வயசுன்னு எவன் சொன்னது, ஒவ்வொருத்தனும் கதவு மாதிரி. நம்ம பயலுக எதுக்க வரிசையா நிக்கிறாங்க, மொகத்துல ரத்தம் இல்ல. அவங்க தலைவன் முன்னுக்கு வந்தான். முட்டியப் போட்டான், தரையில கைய ஓங்கி அறைஞ்சான், ஒரு சத்தம் குடுத்தான். நான் துவாய ஆட்டுறேன்.

சத்தம் இல்ல.

இன்னும் வேகமா ஆட்டுறேன். படி மேல ஏறி நின்னு ஆட்டுறேன். பின்னால இருக்கிறவங்க ஒக்காருடான்னு கத்துறாங்க. ஐஸ்கிரீம்காரன் தன்னத்தான் கூப்பிடுறேன்னு ரெண்டு தடவ வந்துட்டான். அங்க மதில் ஓரத்துல என் மச்சான் தப்ப மார்போட அணைச்சிக்கிட்டு, கோயில்ல நிக்கிற மாதிரி தலையச் சாச்சு டொங்காக்காரனையே பாத்துக்கிட்டு நிக்கிறான். மத்த அஞ்சு பேரும் அப்படியே. டொங்காக்காரன் மார்ல அடிச்சான், தொடையில அடிச்சான், கால ஒதைச்சான், கடைசியா எல்லாரும் சேந்து ஒரே பாய்ச்சல் பாஞ்சு நின்னாங்க. முடிஞ்சு போச்சு. என் எடமும் போச்சு. ரம்சீன் என்னப் பாக்கல, மைதானத்தையே பாத்துக்கிட்டு இருந்தான்.

எல்லாரும் கை தட்டப் போற நேரம். அந்த ஒரு மூச்சு நேரத்துல தப்பு எழும்புச்சு.

காமன எரிக்கிற அடி இல்ல தம்பி. அந்த டொங்காக்காரன் ஆடின அதே அடி. தரையில அறைஞ்சது, அப்புறம் விட்ட எடைவெளி, மார்ல ரெண்டு, தொடையில மூணு, கால ஒதைச்சது, கடைசிப் பாய்ச்சல். ஒண்ணு கூட விடாம, ஆறு தப்புலயும் அப்படியே திருப்பி அடிச்சாங்க. ஒரு தடவதான் கேட்டிருந்தாங்க.

டொங்காத் தலைவன் திரும்பினான். எங்க இருந்து வருதுன்னு தேடினான். மதில் ஓரத்தப் பாத்தான். அப்புறம் ரெஃபரி கைய நீட்டி நிறுத்துறதையும் பாக்காம விறுவிறுன்னு அந்தப் பக்கம் நடக்க ஆரம்பிச்சிட்டான், பின்னாலயே பதினாலு பேரும். மதில் பக்கத்துல வந்து நின்னு மச்சானப் பாத்துத் தலையக் குனிஞ்சான். மச்சானும் குனிஞ்சான். பொறகு இன்னொரு தடவ ஆடினாங்க, இந்தத் தடவ தப்போட சேந்து. ஆடும்போது பயலுக மூஞ்சியில சிரிப்பு. படியில ஒருத்தன் ஒக்காந்திருக்கல. நம்ம பயலுக கூட தலைய நிமித்தி கை தட்டுறானுக. நான் துவாய வச்சிக்கிட்டு மூணாம் படியில நிக்கிறேன். எனக்கு அழுகையா வந்துச்சு. கோவத்துலதான். வேற எதுல?

மேட்சா? தோத்தோம். நாப்பத்தி ஒண்ணுக்கு அஞ்சு. ஆனா அந்த அஞ்சப் பாருங்க. டொங்காக்காரன் மேல நம்ம பயலுக ஒரு ட்ரை வச்சானுகன்னா அந்தத் தைரியம் எங்க இருந்து வந்துச்சு? தப்புல இருந்து. தப்பக் கொண்டாந்தது யாரு? இத எந்தப் பேப்பர்லயும் போடல.

பேப்பர்ல போட்டது என்னன்னா படம். மேட்ச் முடிஞ்ச உடனே டொங்காத் தலைவன் தன் ஜெர்சியக் கழட்டி மச்சான் தோள்ல போட்டான். சுத்தி கேமராக்காரங்க. நான் என் பக்கத்துல இருந்து ஓடுறேன், அவ்வளவு பெரிய மைதானத்துல அந்தக் கடைசிக்கு நான் எப்பப் போய்ச் சேர்றது? போய்ச் சேரும்போது படம் எடுத்து முடிஞ்சிருச்சு. ரம்சீன் இருக்கானே, அவன் வாய் சும்மா இருக்காது. "பக்கத்துல ஒக்கார வச்சிருந்தா நீங்களும் படத்துல விழுந்திருப்பீங்க"ன்னான். எனக்கு எங்க இருந்துதான் அப்படி ஒரு கோவம் வந்துச்சோ தெரியல. ரம்சீன்கிட்டக் காட்ட முடியாது, அவன் கூட்டாளி. மச்சான்கிட்டக் காட்டிட்டேன்.

என்ன சொன்னேன்னா... ரெண்டு வார்த்ததான் சொன்னேன். ஏன்டா ஆட்டும்போது அடிக்கலன்னு கேட்டேன்.

சரி, ஒங்ககிட்ட மறைச்சு என்ன. நீங்க ஹட்டன்ல எறங்கிப் போயிருவீங்க. "தோட்டத்துப் புத்தியக் காட்டிட்டியே"ன்னு சொன்னேன். டவுன்ல தோட்டத்து ஆளுகள மட்டந்தட்டுற பேச்சு அது. அத்தன பேருக்கு முன்னால சொன்னேன். டொங்காக்காரன் ஜெர்சி அவன் தோள்ல கெடக்கு. அந்த அஞ்சு பேரும் தப்பச் சாக்குல போட்டுக் கட்டிக்கிட்டு இருந்தாங்க, கை அப்படியே நின்னு போச்சு. மச்சான் தன் தப்பையும் சாக்குல போட்டுட்டு, மெதுவாத்தான் சொன்னான். "வந்தவன் அடிக்கும்போது மேல விழுந்து அடிக்கக் கூடாது மச்சான். கேட்டு முடிச்சு, அதையே திருப்பி அடிச்சாத்தான் வாங்கிக்கிட்டோம்னு அர்த்தம். ஒங்க அப்பா கத்துக் குடுத்ததுதானே."

ஆமா. எங்க அப்பாதான் அந்தச் செட்டுக்கு வாத்தியார். நானும் பதினாறு வயசு வரைக்கும் அடிச்சவன்தான். கல்லுமலையில அது வழக்கம். ரெண்டு தப்புச் செட்டு சந்தியில சந்திச்சா, வந்த செட்டு மொதல்ல அடிக்கணும். ஊர் செட்டு வாயத் தொறக்காமக் கேக்கணும். பொறகு அதே அடிய அப்படியே திருப்பிக் குடுக்கணும். அதுக்கு அப்புறந்தான் தன் சொந்த அடி. எனக்கு மறந்து போச்சு. இருபத்திரெண்டு வருசமா பெயரிங் நம்பர் மனப்பாடம் பண்ணின மண்டையில அதெல்லாம் எங்க நிக்கும். மறந்தவனுக்கு முன்கூட்டியே ஞாபகப்படுத்துறது மச்சானோட வேலையா இல்லையா? அதத்தான் இன்னைக்குக் கேக்கப் போறேன்.

கம்பளை வந்துருச்சா. அந்தப் பக்கம் கொஞ்சம் சாச்சுப் புடிங்க, ஆள் ஏறுது.

பொறகு என்ன, ஆறு மாசமாப் பேச்சு வார்த்த இல்ல. பூரணம் ஒரு வாரம் என்னோட பேசல, ரேடியோவச் சத்தமா வச்சிட்டு சமைச்சா. போன மாசம் மச்சானே கடைக்கு வந்துட்டான். தட்டுல வெத்தல பாக்கு, பத்திரிக. நான் அந்த நேரம் பார்த்து உள்ளுக்கு ஒரு பெயரிங் தேடிக்கிட்டு இருந்தேன். அர மணி நேரம் தேடினேன். முதலாளியே, அந்த பெயரிங் நம்மகிட்ட எப்பவும் இருந்ததில்லையேன்னு கேட்டுட்டாரு. வெளிய வந்து பாத்தா மச்சான் அதே எடத்துல நிக்கிறான். தட்டக் கவுண்டர்ல வச்சான். மாமன் எடத்துல ஒங்கள விட்டா பிள்ளைக்கு வேற ஆள் இல்ல, நீங்க வராட்டி அந்த எடம் காலியாத்தான் இருக்கும்னு சொல்லிட்டுப் போயிட்டான். அவ்வளவு சத்தம் இல்லாமப் பேசுறவன்கிட்ட என்னத்தச் சண்ட போடுறது.

பந்தயமா? அதுல ரெண்டு மாசம் கட்சி கட்டினோம். சத்தம் எழும்புச்சுல்ல, அப்ப நான் ஜெயிச்சேன்னு நான். ஆடும்போது எழும்பல்ல, முடிஞ்சப்புறந்தான் எழும்புச்சுன்னு ரம்சீன். கடைசியில நானே எந்திரிச்சு, இந்தா ஒக்காருன்னேன். ஒக்காரல. அடுத்த மாசம் மறுபடி ஒரு வெளிநாட்டு டீம் வருது, அந்த மேட்சுக்கு டிக்கெட் ஒண்ணு வாங்கிக் கொண்டாந்து என் சட்டப் பையில போட்டான். "தூணுக்குப் பக்கத்து எடம் எனக்கு வேணாம். அதுல ஒங்க மச்சான ஒக்கார வைங்க"ன்னான். இதோ, இங்கதான் இருக்கு. குடுக்கலாமா வேணாமான்னு மச்சான் என் நாலு வார்த்தைக்கும் பதில் சொன்ன பொறகுதான் முடிவு பண்ணுவேன்.

அந்தப் படத்தப் பாக்குறீங்களா? பேப்பர மெதுவா வெலக்குங்க. ரம்சீன்தான் எடுத்தவரத் தேடிப் புடிச்சு பெரிசாப் போட்டுக் குடுத்தான், கண்ணாடி நான் போட்டேன். நடுவுல டொங்காத் தலைவன். தோள்ல ஜெர்சியோட மச்சான். எப்படிச் சிரிக்கிறான் பாருங்க, முன்பல்லு ஒண்ணு இல்ல. இந்த ஓரத்துல, இங்க, செவப்பாத் தெரியுதா? துவாய். துவாயப் புடிச்சிருக்கிற விரல் மூணு தெரியுது. அது நான்தான். ஓடி வந்து நீட்டினேன், கை மட்டும் விழுந்திருக்கு. ரம்சீன்தான் கண்டுபுடிச்சான். பூரணம்கிட்டக் காட்டினப்ப அவ அந்த விரலையே கொஞ்ச நேரம் பாத்துட்டு, இந்தக் கையில ஒரு காலத்துல தப்பு இருந்துச்சுன்னா. அவளுக்கு அப்படித்தான், சம்பந்தம் இல்லாம எதையாவது சொல்லுவா.

இன்னைக்குக் காலையில கல்லுமலையில இருந்து பூரணம் ஃபோன் பண்ணினா. வர்றீங்களான்னு கேக்கல. வந்தா அண்ணன்கிட்ட மொதல்ல என்ன சொல்லப் போறீங்கன்னுதான் கேட்டா. ஆட்டும்போது ஏன் அடிக்கல, என்ன ஏன் கவுத்தன்னு கேப்பேன்னேன். அதுக்கு அவ சொன்னா. "இங்க வழக்கம் தெரியும்ல. வர்றவங்க எத அடிக்கிறாங்களோ அதத்தான் திருப்பி அடிப்பாங்க. யோசிச்சுக்கிட்டு வாங்க." வச்சிட்டா. அதுக்கப்புறந்தான் ஏழே காலுக்கு நான் சட்டைய மாட்டினேன்.

யோசிச்சுக்கிட்டுத்தான் வர்றேன். நான் ஏன் கவுத்தன்னு கேட்டா அவனும் ஏன் கவுத்தன்னு கேப்பான். தோட்டத்துப் புத்தின்னு நான் சொன்னதுக்கு அவன் இன்னும் திருப்பி அடிக்கல, அது அவன்கிட்டயேதான் கெடக்கு. ஆறு மாசமா வாங்கி வச்சிருக்கான். அது கனமா இருக்கும் தம்பி. எனக்கே கனக்குது.

வட்டவளை. மழைத் தூத்தல். இனி ரெண்டு வளைவுதான். அந்தா, வாழ மரம் கட்டியிருக்கு பாத்தீங்களா, அதான் சந்தி. கேக்குதா? தப்பு. பஸ்ஸுல வர்ற சொந்தக்காரங்கள அழைக்க சந்திக்கே வந்து அடிப்பாங்க. நடுவுல நிக்கிறவன்தான் வீரமலை. அந்த ஜெர்சியப் போட்டுக்கிட்டு நிக்கிறான், மக கல்யாணத்துக்கு. முட்டிக்குக் கீழ தொங்குது. தாவணி கட்டின பிள்ளைகளுக்குப் பின்னால நிக்கிறது பூரணம்.

நின்னுருச்சு. சத்தம் நின்னுருச்சு பாத்தீங்களா? ஜன்னல்ல என்னப் பாத்துட்டான். ஆறு பேரும் தப்ப அணைச்சிக்கிட்டு நிக்கிறாங்க.

நான்தான் மொதல்ல அடிக்கணும். வந்தவன் நான்தானே.

கொண்டக்டர் தம்பி, ஒரு நிமிசம் பொறுங்க, கல்யாண வீடு. நீங்க அந்தப் படத்தக் குடுங்க. இல்ல, திருப்பிக் குடுங்க, பின்பக்கம். பலகதான், தப்பு மாதிரி அடிக்கலாம். கண்ணாடிப் பக்கத்த என் மார்ல சாச்சிக்கிறேன். முப்பத்தஞ்சு வருசம் ஆச்சு, விரல் மடங்குதான்னு பாக்கணும். எங்க அப்பா சந்தியில போய் நின்னு மொதல்ல அடிக்கிற அடி ஒண்ணு இருக்கு. சின்னதுதான். ஒங்க ஊருக்கு வந்திருக்கோம், ஏத்துக்குங்கன்னு கேக்கிற அடி. அத மட்டும் நான் மறக்கல. மறந்துட்டேன்னுதான் எல்லாருக்கும் சொல்லி வச்சிருந்தேன்.

கேட்டீங்களா? பஸ்ஸே பாக்குது, பாக்கட்டும்.

அங்க கேளுங்க. அதே அடி. ஆறு தப்புல. அப்படியே, ஒண்ணு கூட விடாம. வாங்கிக்கிட்டான் தம்பி, வாங்கிக்கிட்டான்.

லட்டுப் பெட்டிய எடுத்துக் குடுங்க. இல்ல, நான் அழல, தூத்தல். ஹட்டன் போற வரைக்கும் ஜன்னல மூடி வச்சிக்குங்க, பனி ஏறும். கடைசி அடிய ரெண்டு பேரு கொஞ்சம் பிந்தித்தான் போட்டானுக. எறங்கினதும் மொதல்ல அதச் சொல்லணும்.